ஆணியில்லாமல் செய்த கதவு

கதவு வர வேண்டிய இடத்தில் ஒரு மெத்தைப் போர்வை தொங்குகிறது. சன்னல்கள் இன்னும் வெறும் ஓட்டைகள்தாம். வெளியே நிலவொளியில் ஓநாய்கள் வீட்டைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே அப்பா துப்பாக்கியும் கையுமாக விழித்திருக்கிறார். கட்டில்கூட இல்லாத தரைப் படுக்கையிலிருந்து எழுந்து வந்த சிறுமியை அவர் தூக்கிப் பிடித்து, சன்னல் ஓட்டை வழியே அந்த வளையத்தைக் காட்டுகிறார். பயப்படாதே என்று சொல்லி அவளை மீண்டும் படுக்க வைப்பதுதான் நாம் எதிர்பார்ப்பது. இந்த அப்பா அவளைப் பார்க்க விடுகிறார். அடுத்த அத்தியாயத்தில், போர்வையைவிட உறுதியான ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்து, கதவு செய்ய உட்காருகிறார். கையில் ஒரு ஆணிகூடக் கிடையாது.

லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதி 1935-இல் வெளிவந்த 'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி' என்ற நாவலை என் மகளுக்கு இரவு ஒரு அத்தியாயம் என்ற கணக்கில் வாசித்து முடித்தேன். மொத்தம் 26 அத்தியாயங்கள். ஆங்கிலத்தில் ஒரு பத்தியைப் படித்து அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனதால் ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிவிட்டது. அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் படித்துவரும் நூல், அதே அமெரிக்காவில் இருபது முப்பது ஆண்டுகளாகக் கடும் விவாதத்துக்கும் உள்ளாகிவரும் நூல். இதை வாங்கலாமா, எந்த வயதுக் குழந்தைக்கு வாங்கலாம், வாங்கினால் எப்படிப் படிப்பது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கதை மிக எளிது. விஸ்கான்சின் காட்டுப் பகுதியில் ஆட்கள் பெருகிவிட்டார்கள், வேட்டைக்கு விலங்கு குறைந்துவிட்டது என்று அப்பா கருதுகிறார். அப்பா, அம்மா, மேரி, லாரா, கைக்குழந்தை கேரி ஆகிய ஐவரும் கூண்டு வண்டியில் ஏறி மேற்கே புறப்படுகிறார்கள். வண்டிக்கு அடியில் ஜாக் என்ற நாய் ஓடி வருகிறது. உறைந்த ஏரியையும் ஆறுகளையும் கடந்து, இன்றைய கான்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை புல் மட்டுமே விளையும் சமவெளியில் வண்டி நிற்கிறது. அங்கே ஒரு மரவீடு கட்டுகிறார்கள்; சுமார் ஓராண்டு வாழ்கிறார்கள்; அந்த வீட்டை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். திருப்பங்கள் என்று தனியாக எதுவும் இல்லை. ஆனாலும் ஒருநாள்கூட என் மகள் "இன்றைக்குப் போதும்" என்று சொல்லவில்லை.

காரணம், இந்த நூல் ஒவ்வொரு பொருளும் எப்படி உண்டாகிறது என்பதை முழுமையாகச் சொல்கிறது. கதவையே எடுத்துக்கொள்வோம். மரத்தைப் பிளந்து பலகையாக்கி, பலகைகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்களை வைத்து, இரண்டையும் சேர்த்துத் துளையிட்டு, துளைக்குச் சற்றுப் பெரிதாகச் சீவிய மர முளைகளை அடித்து இறுக்குகிறார் அப்பா. கீலுக்குத் தோல் வார். தாழ்ப்பாள் ஒரு மரத்துண்டு. அதில் கட்டிய கயிறு கதவிலுள்ள சிறு துளை வழியாக வெளியே தொங்கும். வெளியிலிருந்து கயிற்றை இழுத்தால் தாழ் தூக்கிக்கொண்டு கதவு திறக்கும். இரவில் கயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டால் யாராலும் திறக்க முடியாது. பூட்டு, சாவி எதுவும் வேண்டாம். என் மகள் மறுநாளே அட்டைப்பெட்டி ஒன்றில் இப்படி ஒரு கதவைச் செய்து பார்த்தாள். முளைகளுக்குப் பதிலாகப் பல்குத்தும் குச்சிகள். கயிறு வேலை செய்தது. ஒரு நூலின் விவரிப்பு சரியாக இருக்கிறதா என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனையை நான் அறியேன்.

தமிழில் சொல்லிக்கொண்டு போனதில் எனக்கு ஒரு தனி ஆதாயமும் கிடைத்தது. வாய்ச்சி (மரம் செதுக்கும் கருவி), தமர் (மரத்தில் துளையிடும் கருவி), முளை, கீல் என்று தச்சுப் பட்டறைச் சொற்களை எல்லாம் நினைவிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. பிளந்த மரத்தை வாய்ச்சியால் செதுக்கித் தரை போடும் இடத்தில், 'வாய்ச்சி' என்றால் என்ன என்று விளக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. அந்த ஐந்து நிமிடமும் நூலின் கணக்கில்தான் சேரும்.

பொருள்களின் அருமையும் இதே துல்லியத்தோடு சொல்லப்படுகிறது. கூரை போடுவதற்காக, ஓடைக்கு அப்பால் தனியாக வாழும் எட்வர்ட்ஸ் என்பவரிடம் அப்பா ஆணிகளைக் கடன் வாங்குகிறார். கடன் வாங்கியது ஆணி. அது சுத்தியலடியில் தெறித்துப் புல்லில் விழுந்தால் இறங்கித் தேடி எடுத்து, வளைந்திருந்தால் நிமிர்த்தி மீண்டும் அடிக்கிறார்; பிறகு நகரத்துக்குப் போகும்போது ஆணி வாங்கிவந்து கடனைத் தீர்க்கிறார். கிறிஸ்துமஸ் அத்தியாயம் இந்த நூலின் உச்சம். மழையில் ஓடை பெருகிவிட்டதால் இவ்வாண்டு பரிசு கிடையாது என்று குழந்தைகள் மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது, எட்வர்ட்ஸ் துணிகளைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடையை நீந்திக் கடந்து வந்து சேர்கிறார். ஆளுக்கொரு தகரக் குவளை, ஒரு மிட்டாய்க் குச்சி, வெள்ளைச் சர்க்கரை தூவிய ஒரு சின்ன இதய வடிவக் கேக், ஒரு புதுக் காசு. அதுவரை அக்காவும் தங்கையும் ஒரே குவளையில்தான் தண்ணீர் குடித்துவந்திருக்கிறார்கள், இனிமேல் ஆளுக்கொன்று. லாரா கேக்கைத் திருப்பிப் பிடித்து, மேலே பார்த்தால் தெரியாதபடி அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு துளி கடிக்கிறாள். அந்த ஒரு கடியை எழுதியவர் குழந்தைப் பருவத்தை மறக்காதவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிணறு வெட்டும் அத்தியாயத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே இறங்குமுன் தினமும் எரியும் மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்கிறார் அப்பா. சுடர் அணைந்தால் கீழே விஷவாயு இருக்கிறது என்று பொருள். கூட வேலை செய்யும் ஸ்காட் என்ற அயலார் இதை வீண் வேலை என்று நினைக்கிறார். ஒரு காலையில் அவர் மெழுகுவத்தி இறக்காமல் இறங்கிவிட, அடுத்து நடப்பதை மூச்சுவிடாமல்தான் படிக்க முடியும். பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மூர்க் கிணற்று வேலைக்காரர்களுக்கும் உண்டு என்பதால் இந்தப் பகுதி எனக்கு அந்நியமாகவே இல்லை. குடும்பமே முறைக்காய்ச்சலில் படுத்துவிடும் அத்தியாயம் ஒன்று உண்டு. தர்ப்பூசணி தின்றதால் வந்தது என்கிறார் ஒருவர், இரவுக் காற்றால் வந்தது என்கிறார் இன்னொருவர். அது மலேரியா என்பதும் கொசு பரப்புவது என்பதும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது என்று வைல்டர் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறார். கொசுவின் உடலில் அந்தக் கிருமியை ரொனால்ட் ராஸ் கண்டது 1897-இல், நம் செகந்திராபாத்தில். இந்தக் குடும்பம் காய்ச்சலில் கிடந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. இவர்களைக் காப்பாற்றும் டாக்டர் டான் ஒரு கறுப்பின மருத்துவர். அப்பகுதியில் உண்மையாகவே வாழ்ந்தவர்.

இவ்வளவு கவனமாகக் கதவைப் பற்றிச் சொல்லும் நூல், அந்தக் கதவு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதில் அத்தனை கவனமாக இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஒரு சொற்சிக்கல். நூலில் அந்நிலத்தின் பூர்வகுடிகள் 'இந்தியர்' என்றே குறிக்கப்படுகிறார்கள். "நம் ஊர்க்காரர்கள் அங்கே எப்படிப் போனார்கள்?" என்று என் மகள் கேட்டாள். கொலம்பஸின் குழப்பத்திலிருந்து தொடங்கி விளக்கிவிட்டு, அன்றிலிருந்து ஓசேஜ் மக்கள் என்றே வாசித்தேன். அவர்கள்தாம் அந்த நிலத்துக்கு உரியவர்கள். 1865-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களுக்கென்று மிஞ்சியிருந்த பகுதிக்குள்தான் இந்த வீடு கட்டப்பட்டது. குடியேறிகளுக்கு 160 ஏக்கர் தரும் 1862-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பகுதிக்குப் பொருந்தாது. அதாவது, நாம் ஒவ்வொரு முளையாக எண்ணி ரசித்த அந்த வீடு அத்துமீறிக் கட்டிய வீடு. இத்தனைக்கும் நூல் அவ்விடத்தை 'இந்தியர் பிரதேசம்' என்று சொல்கிறது; உண்மையில் அது 1861-லேயே மாநிலமாகிவிட்ட கான்சாஸின் எல்லைக்குள், மாண்ட்கோமரி மாவட்டத்தில் இருந்தது. நகரமான இண்டிபெண்டன்ஸ் 40 மைல் தொலைவில் இருப்பதாகக் கதையில் வருகிறது. உண்மையான தொலைவு அதில் மூன்றில் ஒரு பங்குதான். லாரா பிறந்தது 1867-இல். குடும்பம் அங்கே இருந்தது 1869 முதல் 1871 வரை. கதையில் வரும் லாராவுக்கு ஆறு வயது இருக்கலாம், ஆனால் உண்மையான லாரா அப்போது இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தை. அறுபத்தெட்டாம் வயதில், பெற்றோர் சொன்ன கதைகளையும் மகள் ரோஸ் வைல்டர் லேனின் தேர்ந்த எடிட்டிங் கையையும் துணைக்கொண்டு அவர் எழுதியது நாவல். தன்வரலாறாக நினைத்து வாங்க வேண்டாம்.

அந்த ஆறு வயது லாராவை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். இந்த நூலுக்கு எதிராக எழுப்பக்கூடிய அத்தனை கேள்விகளையும் அவளே எழுப்பிவிடுகிறாள். அம்மாவுக்கு அந்த மக்களைப் பிடிக்காது என்று தெரிந்ததும், இது அவர்கள் ஊர்தானே, பிடிக்காவிட்டால் நாம் ஏன் இங்கே வந்தோம் என்று கேட்கிறாள். அம்மாவிடம் விடை இல்லை. பின்னொரு நாள் இரவு, அரசாங்கம் இவர்களை மேற்கே அனுப்பிவிடும் என்று அப்பா சொல்லும்போது, இது அவர்களுடைய நிலம் அல்லவா, அனுப்பினால் அவர்களுக்குக் கோபம் வராதா என்று தொடங்குகிறாள். இனிக் கேள்வி கேட்காதே, தூங்கு என்று அப்பா முடித்துவிடுகிறார். கிணற்று வாயுவையும் கதவுத் தாழையும் பொறுமையாக விளக்கிய அதே அப்பா. நூலில் அவர் விளக்க மறுக்கும் இடம் அநேகமாக இது ஒன்றுதான். வைல்டர் இதைத் திட்டமிட்டு எழுதினாரா, தன்னையறியாமல் எழுதினாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் அது இருக்கிறது, நன்றாகவே தெரிகிறது.

இரண்டு காட்சிகளை நிதானமாகப் படிக்கச் சொல்வேன். ஒன்றில், ஓசேஜ் மக்கள் தங்கிவிட்டுப் போன ஓர் இடத்துக்கு அப்பா சிறுமிகளை அழைத்துப் போகிறார். கூடாரக் கம்பங்கள் நட்ட குழிகள், அடுப்புச் சாம்பல், மண்ணில் பதிந்த காலடிகள் ஆகியவற்றைக் கொண்டு அங்கே யார் என்ன செய்தார்கள் என்று அவர் படித்துக் காட்டுகிறார். அந்த மண்ணில் மணிகள் சிதறிக் கிடக்கின்றன. நீலம், சிவப்பு, பச்சை. பொறுக்கிக்கொண்டு வீடு திரும்பியதும் நல்ல பெண்ணான மேரி, தன் மணிகளைக் குழந்தை கேரிக்குத் தருவதாகச் சொல்ல, வேறு வழியில்லாமல் லாராவும் தர வேண்டியதாகிறது. கொடுக்க மனமில்லாமல் கொடுத்த அந்த எரிச்சலை வைல்டர் மறைக்கவே இல்லை. யாருடைய மணியை யார் யாருக்குத் தருகிறார்கள் என்ற கேள்வி மட்டும் அங்கே எழவில்லை. எங்கள் வீட்டில் எழுந்தது.

மற்றொன்று, ஓசேஜ் மக்கள் அந்த இடத்தை விட்டுப் போகும் நாள். வீட்டு வாசலைக் கடந்து குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. காலையில் தொடங்கிய வரிசை பிற்பகல் வரை முடியவில்லை. தாயின் குதிரையில் தொங்கும் கூடையிலிருந்து ஒரு கைக்குழந்தை கரிய கண்களால் லாராவைப் பார்க்கிறது. அந்தக் குழந்தை வேண்டும் என்று லாரா கதறி அழுகிறாள். நமக்கென்று ஒரு குழந்தை இருக்கிறதே என்கிறார்கள் பெற்றோர். ஏன் வேண்டும் என்பதற்கு அவளால் காரணம் சொல்ல முடியவில்லை. வரிசை மறைந்தபின் அன்று வீட்டில் யாருக்கும் சாப்பிடப் பிடிக்கவில்லை. வீட்டைப் பற்றி அத்தனை விவரம் சொன்ன நூல் இந்த இழவு வீட்டு மௌனத்துக்கு விளக்கமே தரவில்லை. வரலாறு தரும் விளக்கம் வறட்சியானது. 1870-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி அந்த நிலம் ஏக்கர் 1.25 டாலர் என்ற விலையில் குடியேறிகளுக்குப் போயிற்று, ஓசேஜ் மக்கள் தெற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போனார்கள்.

இவை நயமான இடங்கள். நயமே இல்லாத இடங்களும் உண்டு. செத்த இந்தியனே நல்ல இந்தியன் என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தை ஸ்காட்டின் மனைவி சொல்கிறார். நூலில் அது மறுபடியும் தலைகாட்டுகிறது. அப்பா அதை ஏற்பதில்லை, ஆனால் அழுத்தமாக மறுப்பதும் இல்லை. வீட்டுக்குள் வந்து உணவு கேட்கும் ஓசேஜ் ஆண்களை நூல் மனிதர்களாக வரைவதைவிட அச்சமூட்டும் உருவங்களாகவே அதிகம் வரைகிறது. அவர்கள்மேல் வீசும் நாற்றத்தைச் சொல்கிறது, அவர்கள் ஏன் பசியோடு வந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. 1998-இல் மினசோட்டாவில் மூன்றாம் வகுப்புப் படித்த டகோட்டா என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறுமி, வகுப்பில் இந்த நூலை வாசிக்கக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே வீடு திரும்பினாள். அந்தச் சிறுமியின் இடத்திலிருந்து பார்த்தால் என் ரசனைக்கு மதிப்பு ஒன்றும் இல்லை. முதல் பதிப்பில், அப்பகுதியில் மனிதர்களே இல்லை, இந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்று ஒரு வாசகம் இருந்தது. ஒரு வாசகர் 1952-இல் பதிப்பகத்துக்கு எழுதிக் கண்டித்தபின், வைல்டர் தவற்றை ஒப்புக்கொண்டு 'மனிதர்கள்' என்ற சொல்லைக் 'குடியேறிகள்' என்று மாற்ற இசைந்தார். 1953-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அப்படித்தான் இருக்கிறது. அவர் பெயரால் 1954 முதல் வழங்கப்பட்டுவந்த குழந்தை இலக்கிய விருதிலிருந்து 2018-இல் அவர் பெயர் நீக்கப்பட்டது.

ஆகவே என் கருத்து இது: நூலை வாங்கலாம், ஆனால் எட்டு வயதுக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடக் கூடாது. கூட உட்கார்ந்து வாசிக்க வேண்டிய நூல். பத்து, பதினோரு வயதில் தானாகப் படிக்கலாம். அப்போதும் ஓசேஜ் மக்கள் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அந்த மோசமான வாக்கியத்தைத் தாண்டிப் படிக்கலாமா என்று நானும் யோசித்தேன். தாண்டவில்லை. படித்துவிட்டு நிறுத்தினேன், அன்றைக்கு அந்த அத்தியாயம் முடியவில்லை.

பதிப்பைப் பற்றிச் சில சொற்கள். நான் வாங்கியது கார்த் வில்லியம்ஸ் வரைந்த படங்களைக் கொண்ட சாதாரண அட்டைப் பதிப்பு. 1953-ஆம் ஆண்டுப் பதிப்புக்காக, கதை நடந்த இடங்களுக்கெல்லாம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரைந்த பென்சில் சித்திரங்கள் அவை. வண்டிச் சக்கரமும் புல்லும் காற்றும் அச்சு அசலாக இருக்கின்றன. எழுத்து பெரிது, வரிகளுக்கிடையே இடம் தாராளம், குழந்தையின் கண்ணுக்குச் சிரமம் இல்லை. தாள் மட்டும் மட்டமானது; நாற்பது இரவுகளுக்குள் என் பிரதியின் முதுகு பிளந்து நடுவிலிருந்து ஒரு கொத்து கையோடு வந்துவிட்டது. கூடக் கொஞ்சம் பணம் போட்டுக் கெட்டி அட்டையில் வாங்குவதே மேல். அப்பா பிடில் வாசிக்கும் இடங்களில் பாட்டு வரிகள் அப்படியே அச்சிடப்பட்டிருக்கின்றன. மெட்டுத் தெரியாத நமக்கு அவை வெறும் வரிகளாகவே நின்றுவிடுகின்றன. செரி ஜோன்ஸ் வாசித்த ஒலிப்புத்தகத்தில் அந்தப் பாட்டுகளைப் பிடிலோடு கேட்கலாம் என்பதால், இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால் அக்குறை தீர்ந்துவிடும். இதே பெயரில் 1974 முதல் 1983 வரை வந்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் அதை இங்கே தேட வேண்டாம். அது மினசோட்டாவின் வால்நட் குரோவ் ஊரில் நடக்கும் வேறு கதை.

முடிவு எப்படி என்று சொல்லிவிடுவதில் தவறில்லை. இது முடிவை மறைத்துவைக்கும் வகை நூல் அல்ல. குடியேறிகளை வெளியேற்றப் படைவீரர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவர்கள் வந்து துரத்தும்வரை காத்திருக்க மாட்டேன் என்று அப்பா கிளம்பிவிடுகிறார். (உண்மையில் விஸ்கான்சின் நிலத்தை வாங்கியவர் மீதித் தொகையைக் கட்ட முடியாமல் போனதும் ஒரு காரணம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள்.) ஏர்க்கலப்பை வண்டியில் ஏற இடமில்லாமல் வயலிலேயே நிற்கிறது. நகரத்திலிருந்து அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த கண்ணாடிகள் சன்னலிலேயே இருக்கின்றன. அப்பா கதவைச் சாத்துகிறார். தாழ்ப்பாள் கயிற்றை மட்டும் வெளியே தொங்கவிடுகிறார், யாருக்காவது ஒதுங்க இடம் தேவைப்படலாம் என்று. அந்த 'யாருக்காவது' என்பதில் ஓசேஜ் மக்களும் சேர்த்தியா என்று என் மகள் கேட்டாள். நூலில் அதற்கு விடை இல்லை.

அடுத்து எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: வரிசைப்படி 'ஆன் த பேங்க்ஸ் ஆஃப் பிளம் கிரீக்' வர வேண்டும். நாங்கள் அதைத் தாண்டி, 1880-81 பனிக்காலத்தில் ரயில் நின்றுபோய், வைக்கோலை முறுக்கி எரித்தும் கோதுமையைக் காப்பி அரைக்கும் இயந்திரத்தில் திரித்தும் ஓர் ஊரே பிழைத்த கதையான 'த லாங் வின்டர்' நூலுக்குப் போயிருக்கிறோம். மூன்று அத்தியாயங்கள் முடிந்திருக்கின்றன. இந்த முறை கெட்டி அட்டை.